அத்தியட்சரின் கணக்கு

வேதாகம விசாரம் – 7

சென்ற வாரம், பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் வைத்தியர்களுள் ஒருவரான ழான் அஸ்ட்ரூக், 1753-ஆம் ஆண்டில் தம் பெயரைப் போடாமலே வெளியிட்ட நூலில், ஆதியாகமத்தில் கடவுளை ஏலோஹிம் என்று குறிக்கும் பகுதிகளை ஒரு பத்தியிலும் யாவே என்று குறிக்கும் பகுதிகளை மற்றொரு பத்தியிலுமாகப் பிரித்து வைத்து, ஒரே கையால் எழுதப்பட்டது என்று உலகம் நம்பியிருந்த நூலை இரண்டு சரடுகளின் பின்னல் என்று காட்டிய விருத்தாந்தத்தைப் பார்த்தோம். மோசேயின் பெருமையைக் காப்பதற்கென்றே அவர் கத்தரியைக் கையில் எடுத்தார். வெட்டுப்பட்டது மோசேயின் அங்கிதான். அஸ்ட்ரூக்குக்குப் பின்பு இந்த ஆராய்ச்சி ஒரு நூறு வருஷகாலம் ஜெர்மானியப் பண்டிதர்களின் உடைமையாக, எபிரேயம் கற்றோர் மட்டும் புகக்கூடிய ஒரு மாளிகையாக இருந்துவந்தது. அந்த மாளிகையின் வாயிற்கதவைத் தள்ளித் திறந்தவர்களுள் ஒருவர், எபிரேயம் அறியாத, ஐரோப்பாவையே பார்த்திராத, தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையிலே மாடு மேய்க்கும் ஜனங்களிடையே பிறந்த ஒரு சூலு மனிதர் என்றால் நம்புவது சற்றுச் சிரமம். ஆயினும் நடந்தது அதுவே.

அவர் பெயர் வில்லியம் இங்கிடி. இடம் நேட்டால் பிரதேசத்தின் தலைநகராகிய பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை அடுத்த எகுகன்யேனி என்னும் மிஷன் ஸ்தாபனம். சூலு மொழியில் அப்பெயருக்கு வெளிச்சமுள்ள இடம் என்று பொருள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றவுடன், 1893-இல் ஓர் இளம் பாரிஸ்டர் முதல் வகுப்பு டிக்கெட்டுடன் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட குளிர்மிக்க இரவு நம்மவர்க்கு நினைவு வரும். நாம் பேசவிருப்பது அதற்கு முப்பது வருஷங்களுக்கு முற்பட்ட காலம். சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்ற துருரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பன் துறைமுகத்தை அடைந்ததே, ஏறக்குறைய அந்தச் சமயம்தான். நம்முடைய ஜனங்கள் கரையில் இறங்கி முதலாளிகளுக்குப் பங்கிடப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஐம்பது மைல் உள்ளே, ஓர் ஆங்கிலேயரும் ஒரு சூலுவும் மேஜையின் இருபுறமும் அமர்ந்து ஆதியாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆங்கிலேயர் நேட்டாலின் அத்தியட்சர் ஜான் வில்லியம் கொலென்சோ. 1814-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் பிறந்தவர். தகப்பனார் வெள்ளீயச் சுரங்கத்தில் போட்ட பணம் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்ததால் போயிற்று. (பிற்காலத்தில் இவரைப் புரட்டிப்போட்டதும் ஒரு வெள்ளம் என்பதை எண்ணும்போது சிரிப்பு வராமல் இல்லை.) வறுமையோடு போராடிக் கேம்பிரிட்ஜில் படித்து, 1836-இல் கணிதப் பரீட்சையில் சர்வகலாசாலை முழுவதிலும் இரண்டாமவராகத் தேறியவர். பள்ளி மாணவர்களுக்காக இவர் எழுதிய எண்கணிதமும் இயற்கணிதமும் இங்கிலாந்துப் பள்ளிகளில் தலைமுறைக் கணக்கில் வழங்கின. 1853-இல் அத்தியட்சராகி, இரண்டு வருஷங்களில் குடும்பத்தோடு நேட்டாலில் வந்து தங்கி, சூலு மொழிக்கு இலக்கணம் எழுதினார், அகராதி தொகுத்தார், ஸ்தாபனத்திலேயே ஓர் அச்சுக்கூடம் வைத்துச் சூலு இளைஞர்களுக்கு எழுத்துக் கோக்கக் கற்றுக்கொடுத்தார். 1859-இல் சூலு அரசர் முபாண்டேயைக் காணச் சென்றபோது உடன்சென்ற மூன்று சூலுக்கள் தத்தம் மொழியில் எழுதிய பிரயாண விவரங்களை மறுவருஷமே அச்சிட்டு வெளியிட்டார். அம்மூவரில் இங்கிடியும் ஒருவர். பல மனைவியரை உடைய ஒருவன் ஞானஸ்நானம் பெற வந்தால், ஒருத்தியை நிறுத்திக்கொண்டு மற்றவர்களைத் தெருவில் விடும்படி அவனைக் கட்டாயப்படுத்துவது தர்மமாகாது என்று வந்த புதிதிலேயே எழுதி, சக பாதிரிமாரின் முகச்சுளிப்பையும் அவர் சம்பாதித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வேதத்தை வேறு மொழியில் பெயர்ப்பது எத்தன்மையான காரியம் என்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. கடவுளைச் சர்வேசுரன் என்பதா, பராபரன் என்பதா, தேவன் என்பதா என்று நம் நாட்டுக்கு வந்த மிஷனரிமார் தலைமுறை தலைமுறையாக வாதிட்டதுபோலவே, கொலென்சோவும் வந்தவுடன் கிராமம் கிராமமாகச் சென்று, சூலுக்கள் சிருஷ்டிகர்த்தாவை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று விசாரித்து, உங்குலுங்குலு என்ற சுதேசச் சொல்லையே ஏற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட வேலையில் ஒரு விசேஷம் உண்டு. தாய்மொழியில் நூறு தடவை கேட்டுப் பழகிய வாக்கியத்தை நாம் உண்மையில் கேட்பதே இல்லை. அது காதில் விழுந்து, பக்தியின் மெழுகு பூசிய பாதையில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதே வாக்கியத்தை மற்றொருவன் மொழியில் சொல்லப் புகும்போதுதான், இது எந்த மிருகம், எத்தனை, எவ்வளவு தூரம், தின்றது என்ன என்று ஒவ்வொன்றையும் தீர்மானம் செய்ய வேண்டியிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவனோ மாட்டையும் ஆட்டையும் தீனியையும் பிறந்தது முதல் அறிந்தவன்.

ஜலப்பிரளயக் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கையில் இங்கிடி நிமிர்ந்து பார்த்து, இதெல்லாம் மெய்தானா, அனல் வீசும் தேசத்தில் வாழ்வதும் பனி பெய்யும் தேசத்தில் வாழ்வதுமாகிய சகல பிராணிகளும் ஜோடி ஜோடியாகப் புறப்பட்டுவந்து நோவாவின் பேழையில் ஏறிக்கொண்டது வாஸ்தவம் என்று ஐயா நம்புகிறீர்களா, அத்தனைக்கும், மாமிசம் தின்னும் மிருகங்களுக்கும் பட்சிகளுக்கும்கூட, நோவாவே இரை சேகரித்து வைத்துக்கொண்டாரா என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரில்லை. அது தீனி சேகரித்துப் பழகிய ஒரு மனிதனுடைய கேள்வி.

கொலென்சோவுக்கு விடை தெரியும், அதுதான் சங்கடம். பூகர்ப்ப சாஸ்திர நூல்களைப் படித்திருந்த அவர், பிரான்சு தேசத்து ஓவர்ஞ், லாங்டாக் பிரதேசங்களிலே எரிமலைகள் கக்கிய இலேசான சாம்பற்கல் குவியல்கள், நோவாவின் காலமாகச் சொல்லப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே உண்டாகி இன்றுவரை கலையாமல் நிற்கின்றன என்பதையும், உலகையெல்லாம் மூடிய வெள்ளம் ஒன்று வந்திருந்தால் அவை கரைந்து அடித்துக்கொண்டு போயிருக்கும் என்பதையும் அறிந்திருந்தார். கர்த்தரின் நாமத்தில் பொய் பேசலாகாது என்ற சகரியா தீர்க்கதரிசியின் எச்சரிக்கை அப்போது தம் உள்ளத்தில் எழுந்ததாக அவரே பின்னர் எழுதினார். ஆம் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. வேதாகமத்தின் பொதுவான உண்மைக்குப் பழுது வராதபடி ஏதோ ஒரு விடை சொல்லி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டார்.

அவர் தப்பிக்க முடியாமற்போன இடம் வேறொன்று. பிரளயத்தைக் காட்டிலும் இதனையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். யாத்திராகமத்தின் 21-ஆம் அதிகாரத்தில் அடிமைகளைப் பற்றிய ஒரு சட்டம் வருகிறது. எஜமானன் தன் அடிமையைக் கோலால் அடித்து, அந்த அடிமை அடித்த கையோடே செத்துப்போனால் எஜமானனுக்குத் தண்டனை உண்டு. ஒரு நாளோ இரண்டு நாளோ உயிரோடு கிடந்து அதன் பிறகு செத்தால் தண்டனை கிடையாது. காரணம், அந்த அடிமை எஜமானனுடைய பணம். இந்தச் சட்டத்தைச் சொன்னவர் எவரோ ஒரு மனிதர் அல்லர். சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் முழங்கிய கையோடு, அதே வாய் சொன்னதாகவே நூல் கூறுகிறது. இதைச் சூலுவில் சொல்லிக்காட்டியபோது, சகல மனிதர்களுக்கும் தகப்பனாகிய தயாபரர் ஒரு வேலைக்காரனை, வேலைக்காரியை, வெறும் பணம் என்று பேசுவாரா, அடிபட்டவன் சில மணிநேரம் தாக்குப்பிடித்துவிட்டான் என்பதற்காகக் கொலைக்குத் தண்டனை வேண்டாம் என்பாரா என்று இங்கிடியின் ஆத்மா முழுவதும் கொதித்தெழுந்ததாகக் கொலென்சோ எழுதுகிறார். அந்தக் கணத்தில் தம் மனச்சாட்சியும் அவர் பக்கமே நின்றது என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு, சமாதானமாக அவர் சொன்ன விடையைக் கவனியுங்கள்: இம்மாதிரி வார்த்தைகள் மோசேயின் மனத்தில் உதித்திருக்கும், அவை தேவனால் உதித்தவை என்று மோசே நம்பியிருப்பார், ஆகவே கர்த்தர் மோசேயை நோக்கிச் சொன்னார் என்ற தலைப்பை அவற்றுக்கு இட்டிருப்பார். இருவரின் சங்கடத்தையும் அப்போதைக்குத் தணிப்பதற்காகச் சொன்ன சொல் இது. தணிந்ததோ இல்லையோ, சொல்லி முடித்த அந்த நிமிஷத்தில், கர்த்தர் சொன்னார் என்று எழுதியிருப்பது கர்த்தர் சொன்னார் என்பதற்கு அத்தாட்சியாகாது என்று நேட்டாலின் அத்தியட்சர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எழுதிய ஏழு பாகங்களும் இந்த ஒரு வாக்கியத்துக்கு வியாக்கியானமே.

1861-இல் அவர் ஜெர்மானிய நூல்களை வரவழைத்து, நம்பிக்கையைக் காத்து எழுதியவர்களையும் சந்தேகித்து எழுதியவர்களையும் ஒருங்கே படிக்கத் தொடங்கினார். படித்தபின், தம்முடைய பழைய ஆயுதமாகிய எண்கணிதத்தைக் கையில் எடுத்தார். மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யோசுவாவின் நூலையும் ஆராயும் அவரது முதற்பாகம் 1862-இல் லண்டனில் வெளிவந்தபோது, அதில் பண்டிதர்க்குரிய எபிரேய நுட்பங்கள் அதிகமில்லை. கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும்தான் இருந்தன. பள்ளிப் பிள்ளைக்கும் புரியக்கூடியவையாக அவை இருந்ததே அத்தனை கூக்குரலுக்கும் காரணமாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலரில், 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களும் யுத்தத்துக்குப் போகத்தக்கவர்களுமான ஆண்கள் 6,03,550 பேர் என்பது எண்ணாகமத்தின் தொகை. பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தால் இருபது லட்சத்துக்குக் குறையாது. இந்த ஜனத்திரளிலே ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஆண் தலைப்பிள்ளைகள் 22,273 பேர் என்று அதே நூல் சொல்லுகிறது. ஆண்மக்கள் அனைவரும் ஏறக்குறைய ஒன்பது லட்சமாக, அவர்களில் தலைப்பிள்ளைகள் 22,273 மட்டும் என்றால், ஒவ்வொரு தாயும் சராசரி நாற்பது ஆண்பிள்ளைகளைப் பெற்றிருக்க வேண்டும்; பெண்பிள்ளைகள் தனி. சபையார் அனைவரையும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூட்டும்படி லேவியராகமம் கட்டளையிடுகிறது. கூடாரத்தின் அகலமோ 10 முழம், அதாவது 18 அடி. ஒரு வரிசைக்கு ஒன்பது பேராக நெருக்கி நிறுத்தினால், வயது வந்த ஆண்கள் மட்டுமே ஏறக்குறைய 20 மைல் தூரம் பின்னால் நிற்பார்கள். பிள்ளை பெற்ற ஒவ்வொரு தாயும் பாவநிவாரண பலியாக ஒரு புறாவைக் கொண்டுவர வேண்டும். அவ்வளவு ஜனத்தில் நாளொன்றுக்கு 264 பிரசவம் நடக்கும் என்று கொலென்சோ கணக்கிடுகிறார். அந்தப் பலிகளைப் பரிசுத்த ஸ்தலத்தில் புசிக்க வேண்டிய ஆசாரியர்கள் ஆரோனும் அவர் குமாரர் எலெயாசாரும் இத்தாமாருமாக மூன்றே பேர். ஆளுக்குத் தினம் 88 புறா. வனாந்தரத்திலே இத்தனை புறாக்கள் எங்கிருந்து வந்தன என்பதை விட்டுவிட்டாலும், அந்த மூன்று ஆசாரியர்களின் ஜீரண சக்தியை எண்ணாமலிருக்க முடியவில்லை.

இதற்கெல்லாம் அக்காலத்திலும் பிற்காலத்திலும் சொல்லப்பட்ட விடை, ஏடு பெயர்த்தெழுதியவர்கள் இலக்கங்களைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்பது. இந்த விடையைச் சற்று நின்று பரிசோதிக்க வேண்டும்; ஏனெனில் விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. யாத்திராகமத்தின் 38-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரத் திருப்பணிக்காகத் தலைக்கு அரைச் சேக்கல் வீதம் வசூலித்த வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்று அங்கே காண்கிறோம். 6,03,550-ஐப் பாதியாக்கினால் 3,01,775. தாலந்து ஒன்றுக்கு 3,000 சேக்கல், 100 தாலந்துக்கு 3,00,000, மீதி 1,775. ஓர் அரைச் சேக்கல்கூடப் பிசகவில்லை. எண்ணாகமத்திலோ, கோத்திரம் கோத்திரமாகக் கொடுத்திருக்கும் பன்னிரண்டு தொகைகளையும் கூட்டினால் அதே 6,03,550 வருகிறது. ஏடு எழுதினவனின் கைத்தவறு இவ்வளவு ஒழுங்காக இருக்குமா? இன்னொன்றும் உண்டு. கூடாரம் நிறுத்தப்பட்டது இரண்டாம் வருஷத்து முதல் மாதத்தில். ஆகவே வெள்ளி வசூலானது அதற்கும் முன்பு. கோத்திரக் கணக்கு எடுத்ததோ அதே வருஷத்து இரண்டாம் மாதத்தில். இடையில் சென்ற காலத்தில் ஒருவர் இறந்து ஒருவர் வயதுக்கு வந்து தொகை மாறியிருக்க வேண்டாமா? இரண்டு தடவையும் ஆள் ஒன்று கூடாமல் குறையாமல் 6,03,550.

நம்முடைய பழைய கர்ணங்களின் அடங்கல் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கூட்டுத்தொகை பைசா பிசகாமல் நேராயிருக்கும். நிலத்திலே போய்ப் பார்த்தால் கள்ளியும் காரையும் முளைத்திருக்கும். வனாந்தரத்தில் எண்ணப்பட்ட ஜனங்கள் இவர்கள் அல்லர். நெடுங்காலத்துக்குப் பின்பு, தொகையும் அளவும் வரிசையும் பிசகக்கூடாது என்ற ஆசார சிரத்தையுள்ள ஓர் ஆசாரிய வர்க்கம், ஏட்டின் முன்னே உட்கார்ந்து உண்டாக்கிய ஜனங்கள். ஹாலந்து தேசத்து லைடன் சர்வகலாசாலையில் இருந்த ஆபிரகாம் கியூனன், கொலென்சோவின் புத்தகத்தைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கே வந்தார்: மிகப் பழமையான மூலம் என்று அதுவரை கருதப்பட்டுவந்த, தொகைகளும் சடங்குகளும் நிறைந்த பகுதிதான், உண்மையில் காலத்தால் மிகப் பிந்தியது. இதனை வளர்த்து 1878-இல் ஜூலியஸ் வெல்ஹவுசன் எழுதிய நூல் வேதாகம ஆராய்ச்சியின் முகத்தையே மாற்றிற்று; அதனைப் பற்றித் தனியே ஒரு வாரம் எழுத உத்தேசம்.

இதை வாசித்துப் புன்னகை செய்யும் நம் வைதிக நண்பர்கள், பாரதத்தின் பதினெட்டு அக்குரோணிச் சேனையை ஒரு தரம் பெருக்கிப் பார்ப்பது நலம். அக்குரோணி ஒன்றுக்கு 21,870 யானை என்ற வாய்பாட்டின்படி, குருக்ஷேத்திரத்தில் நின்ற யானைகள் மட்டும் 3,93,660. அவற்றுக்குத் தீனி போட்டது யார் என்று கேட்க நமக்கு ஓர் இங்கிடி வாய்க்கவில்லை போலும்.

புத்தகம் வெளிவந்த பின் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் அத்தியட்சர்களில் பெரும்பாலோர் ஒன்றுகூடி, பதவியைத் துறக்கும்படி அவருக்கு எழுதினார்கள். எந்த நண்பருக்குத் தம் பிரசங்கத் தொகுதியைச் சமர்ப்பணம் செய்திருந்தாரோ அந்த மாரிஸ் என்பவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு சூலு கேள்வி கேட்டதனால் அத்தியட்சர் மதம் மாறிவிட்டார் என்று எள்ளி நகையாடும் ஐந்தடிப் பாட்டொன்று விருந்து மேஜைகளில் உலாவிற்று. அதில் இங்கிடிக்குப் பெயர்கூட இல்லை. விமரிசகர் மாத்யூ ஆர்னால்டு, இப்புத்தகம் பாமரருக்குப் பக்தியையும் ஊட்டவில்லை, கற்றோருக்கு அறிவையும் ஊட்டவில்லை என்று எழுதினார். கற்றோர் தமக்குள் மெதுவாகப் பேசிக்கொள்ள வேண்டிய விஷயத்தை நடுத்தெருவில் போட்டுவிட்டாரே என்ற எரிச்சல் அதில் தொனிக்கிறது. உண்மை தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடமிருந்து அதை மறைத்துக்காப்பது நாகரிகம் என்ற கொள்கை எல்லாத் தேசத்துப் பெரியோருக்கும் பொதுவானது.

1863 டிசம்பரில், கேப்டவுன் தலைமை அத்தியட்சர் ராபர்ட் கிரே விசாரணை நடத்திப் பதவிநீக்கத் தீர்ப்பளித்தார். 1865-இல் லண்டன் பிரிவி கவுன்ஸில், அப்படித் தீர்ப்பளிக்கக் கிரேக்குச் சட்டப்படி அதிகாரமே கிடையாதென்று அதனைத் தள்ளிவிட்டது. ஞாயஸ்தலம் மோசேயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரசாங்கப் பத்திரத்தின் செல்லுபடியைப் பற்றியே பேசிற்று. சட்டத்தால் வெல்ல முடியாத கிரே, சபைப் பிரஷ்டம் செய்தார். 1866 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பரிசுத்த பேதுரு ஆலயத்தில் அந்தப் பத்திரம் வாசிக்கப்பட்டது. கொலென்சோ அதே ஆலயத்தில் தொடர்ந்து பிரசங்கம் செய்துவந்தார். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளோ இந்தப் பாஷாண்டியின் எண்கணிதத்தை வழக்கம்போல் படித்துக்கொண்டிருந்தார்கள். அதிலுள்ள பெருக்கல் வாய்பாட்டில் எவரும் தோஷம் காணவில்லை.

கொலென்சோ நாஸ்திகர் அல்லர். கடைசிவரை கடவுளைத் தொழுதவர், அத்தியட்சராகவே இறந்தவர். என்னைப் போன்ற சந்தேகவாதிக்கு அவரிடம் குறைபடத் தோன்றுவது வேறோர் இடத்தில். எண்ணாகமத்தின் 31-ஆம் அதிகாரத்தில் மீதியானியரோடு நடந்த யுத்தம் வருகிறது. ஆண்களையெல்லாம் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்து வந்த சேனாபதிகளை மோசே கோபித்துக்கொண்டு, ஆண்குழந்தைகளையும் புருஷனை அறிந்த பெண்களையும் கொன்றுபோடச் சொல்லி, கன்னிப்பெண்களை மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொள்ள அனுமதிக்கிறார். கன்னிப்பெண்களின் தொகை 32,000. அவர்களில் கர்த்தரின் பங்கு 32. இங்கும் கணக்கில் பிசகில்லை. இந்த அதிகாரத்தை ஆராய்கையில் கொலென்சோ 1857-இல் கான்பூரில் நடந்த கொலைகளை நினைவுகூர்ந்து, இது மெய்யானால் அதன் முன்னே கான்பூர் ஒன்றுமில்லாததாய்விடும் என்று எழுதி, நல்லவேளை, இது நடந்ததென்று நம்ப வேண்டிய நிர்ப்பந்தம் இனி நமக்கில்லை என்று ஆறுதல் கொள்கிறார்.

அந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை. நடக்காத கொலையை நடந்ததாக எழுதிய கை ஒன்று இருந்ததல்லவா? தன் கடவுளுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி, அந்த முப்பத்திரண்டு பெண்களையும் மாட்டோடும் கழுதையோடும் சேர்த்து எண்ணிப் பட்டியலில் பதிந்த கை அது. கதை பொய்யென்றால் மோசே பிழைத்துக்கொள்கிறார், நூல் பிழைத்துக்கொள்ளவில்லை. அடிமைச் சட்டமோ கதையே அன்று. கொலென்சோவும் இங்கிடியும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் அடிமை முறைக்காக அமெரிக்கர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த பாப்டிஸ்ட் போதகர் தார்ன்டன் ஸ்ட்ரிங்ஃபெல்லோ, ஆபிரகாமின் வேலைக்காரர் தொடங்கி அப்போஸ்தலர் பவுலின் நிருபங்கள் வரை எடுத்துக்காட்டி, அடிமை வைப்பது தேவசம்மதமே என்று நூல் எழுதியிருந்தார். அவர் வசனங்களைத் திரித்ததாகச் சொல்லிவிட முடியாது. அவர் காட்டிய வசனங்கள் காட்டிய இடத்திலேயே இருக்கின்றன. அடிமை முறையை எதிர்த்தவர்களும் வேதாகமத்தையே காட்டினார்கள். ஆனால் அவர்கள் வசனத்துக்குத் தேட வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக்கு அவ்வளவுதான் சாத்தியம், கடவுள் ஜனங்களைப் படிப்படியாகத் திருத்தினார் என்று இப்போது சமாதானம் சொல்லப்படுகிறது. பன்றி மாமிசத்தை ஒரே நாளில் ஒரே வார்த்தையில் விலக்க முடிந்தவருக்கு மனிதனை விற்பதை விலக்குவதில் மட்டும் படிகள் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

தாம் கற்றுக்கொடுக்க வந்த நூலை, அந்த நூலைக் கேட்டிராத ஒரு ஜாதியாரிடையே வளர்ந்த மனிதர் ஓர் அளவுகோலால் அளந்து, குறைகிறது என்று சொன்னார்; அளவுகோல் நேரானதுதான் என்று அத்தியட்சரின் உள்ளம் ஒப்பிற்று. அந்த அளவுகோலை இங்கிடிக்குக் கொடுத்தது மோசே அல்லர். கொலென்சோ அதனையும் கடவுளின் குரல் என்றே சொன்னார். சொல்லட்டும். ஆனால் புத்தகத்தில் இருக்கும் குரலுக்கும் உள்ளத்தில் எழும் குரலுக்கும் வழக்கு வந்தபோது, அவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை.

அதன் பிறகு அவர் வாழ்வில் நடந்தவை இந்தத் தொடருக்குப் புறம்பானவை போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1874-இல் லுபி ஜாதித் தலைவர் லங்கலிபலேலே மீது, துப்பாக்கிகளைப் பதிவுசெய்யாத விவகாரத்தில் ராஜத்துரோகம் சாட்டி, கவர்னரே நீதிபதியாக அமர்ந்து விசாரித்து, ராபன் தீவுக்கு நாடுகடத்தினார்கள். மோசேயின் கணக்கைப் பரிசோதித்த அதே கொலென்சோ, சாட்சிகளின் வாக்குமூலங்களையும் அதே விதமாக வரிவரியாக ஒப்பிட்டு, விசாரணை பொய் என்று காட்டி, லண்டனுக்குக் கப்பலேறி முறையிட்டார். மதவிஷயத்தில் அவரைத் தாங்கிநின்ற வெள்ளைக்காரக் குடியேறிகள் அன்றோடு கைவிட்டார்கள். இருபது வருஷத்து நண்பர் ஷெப்ஸ்டனும் பகைவரானார். சூலுக்கள் அவரைச் சொபாண்டு, ஜனங்களின் தகப்பன், என்று அழைத்தார்கள்.

1879 ஜனவரி 22-இல், தங்கள் நாட்டின்மேல் காரணமின்றிப் படையெடுத்து வந்த ஆங்கிலச் சேனையைச் சூலுக்கள் இசண்டுல்வானாவில் மடக்கி, துணைப்படையாரையும் சேர்த்து 1,300 பேருக்கு மேல் கொன்றார்கள். நேட்டால் முழுவதும் இழவு வீடாயிற்று. மார்ச்சு மாதத்தில் விசேஷப் பிரார்த்தனைக்கென்று ஒரு நாளைக் குறித்தார்கள். ஆலயத்துக்கு வந்தவர்கள், பழிவாங்கும் சங்கீதம் ஒன்றை எதிர்பார்த்திருக்கக் கூடும். வேதாகமத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. கொலென்சோ ஏட்டைப் புரட்டி, மீதியானியரின் அதிகாரத்தைக் கடந்து, சின்னத் தீர்க்கதரிசிகளுள் ஒருவரான மீகாவை எடுத்தார். நியாயம் செய்வதையும் இரக்கத்தை விரும்புவதையும் அன்றி வேறென்ன கேட்கப்படுகிறது என்னும் அந்த வசனத்தின்மேல் நின்றுகொண்டு, இந்த யுத்தத்தில் நாம் நியாயம் செய்தோமா, இரக்கம் காட்டினோமா என்று, செத்தவர்களின் உற்றாரைப் பார்த்துக் கேட்டார்.

1883 ஜூன் 20-இல் அவர் காலமானார். பதினேழு வருஷங்களுக்கு முன்பு பிரஷ்டப் பத்திரம் வாசிக்கப்பட்ட அந்தப் பேதுரு ஆலயத்திலேயே, பலிபீடத்துக்கு எதிரே தரையைத் தோண்டி, அவரை அடக்கம் செய்தார்கள்.

(தொடரும்)